நான்காவது ஆள்

இன்றைய உலகம் விஞ்ஞான உலகம் என்று ஆண்டுதோறும் கட்டுரை நோட்டில் எழுதி வருகிறோம். "விஞ்ஞானத்தால் விளையும் நன்மை தீமைகள்" என்று தலைப்புக் கொடுத்தால், ஒன்றரைப் பக்கம் மனப்பாடமாக எழுதிவிட எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். நன்மைக்கு ஆறு வரி, தீமைக்கு ஆறு வரி, முடிவில் கத்தி பழம் நறுக்கவும் உதவும், கையை வெட்டவும் செய்யும் என்று ஓர் உவமை. மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் இந்த ஆண்டு அந்தத் தலைப்பை நோட்டில் அல்லாமல் நேரிலேயே பார்க்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது. பார்த்ததையும், பார்த்த பிறகு நாங்கள் எண்ணியதையும் இம்மலரில் எழுதுகிறோம். பெரியவர்கள் பொறுமையோடு படிக்க வேண்டுகிறோம்.

காலாண்டுத் தேர்வு முடிந்த பிறகு வந்த மூன்று சனிக்கிழமைகளில், இளம் செஞ்சிலுவைச் சங்கத்தைச் சேர்ந்த நாங்கள் பன்னிரண்டு பேர், சிஸ்டரோடு அரசு மருத்துவமனை ஒன்றுக்குத் தொண்டு செய்யச் சென்றோம். கட்டுத்துணி மடித்துக் கொடுப்பதும், வழி தெரியாதவர்களுக்கு வழி காட்டுவதும் எங்கள் வேலை. போகும் முன் வீட்டில் பலரும் பலவிதமாகச் சொன்னார்கள். "பெரியாஸ்பத்திரியா? மூக்கைப் பிடித்துக்கொண்டு போ" என்றார்கள். நாங்களும் துருப்பிடித்த கட்டிலையும் ஃபினாயில் வாடையையும் எதிர்பார்த்துத்தான் போனோம். ஆனால் அங்கே கண்டது வேறு. சீட்டுப் பதியும் இடத்தில் கம்ப்யூட்டர். சுவரில் ஒரு கட்டம் ஒட்டியிருந்தது. அதைப் போனில் படம் பிடித்தால் டோக்கன் எண் வந்துவிடும். எக்ஸ்ரே படம் ஃபிலிமில் அல்ல, திரையில் தெரிந்தது. குளிரூட்டிய அறையில் சி.டி. ஸ்கேன் இயந்திரம் இருந்தது. எங்களுக்குப் பெருமையாகவே இருந்தது. இது ஏழைகளுக்கென்று நம் எல்லாருடைய பணத்திலும் நடக்கும் மருத்துவமனை அல்லவா?

இரண்டாம் சனிக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். சீட்டு வரிசையின் ஓரத்தில் ஒரு பாட்டி நின்றிருந்தார். வலது காலில் பழைய வேட்டித் துணியைச் சுற்றியிருந்தார். எங்களைப் பார்த்ததும், "தாயி, இதுல ஏதோ நம்பர் வருமாம், அதைச் சொல்லணுமாம், கொஞ்சம் பாரேன்" என்று ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். அதில் ஒரு போன் எண் எழுதியிருந்தது. பாட்டிக்குச் சொந்தமாகப் போன் இல்லை. அது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகனுடைய எண். பாட்டியின் ஆதார் அட்டையும் அந்த எண்ணோடுதான் சேர்ந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் புதிதாகப் பதிய வேண்டுமானால், அந்தப் போனுக்குப் போகும் ஆறு இலக்க எண்ணை இங்கே சொல்ல வேண்டும். சிஸ்டரின் போனிலிருந்து மகனை மூன்று முறை அழைத்தோம். எடுக்கவில்லை. "ராத்திரி வேலை பார்த்துட்டு வந்து தூங்குவான் தாயி" என்றார் பாட்டி. வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. புறநோயாளிப் பிரிவு மூடும் நேரமும் நெருங்கிவிட்டது. "பரவாயில்லை, அடுத்த வாரம் அவனைக் கேட்டுக்கிட்டு வாரேன், பஸ் போயிரும்" என்று சொல்லி, பாட்டி மெல்ல மெல்ல வாசலை நோக்கி நடந்துவிட்டார். நாங்கள் வாசல் வரை கைபிடித்துக் கொண்டுபோய் விட்டோம். நல்ல காரியம் செய்தோம் என்றே நினைத்தோம்.

மத்தியானம் சீட்டுப் பதியும் அக்காவிடம் இதைச் சொன்னோம். அவர் பதறிப்போனார். "ஏம்மா, போன் இல்லாதவங்களுக்குக் கையாலேயே சீட்டு எழுதிக் கொடுப்போமே! அந்த நம்பர் கட்டாயமே இல்லையே. நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றார். கேட்டிருக்கலாம். பன்னிரண்டு பேரும் பத்தாம் வகுப்புப் படிக்கிறோம். ஒருத்திக்கும் கேட்கத் தோன்றவில்லை. கம்ப்யூட்டர் கேட்கிறது என்றால் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று நாங்களும் நம்பிவிட்டோம். பக்கத்தில் நின்ற நர்ஸ் அம்மா, காலில் துணி சுற்றியிருந்ததைக் கேட்டு, சர்க்கரை நோய்க்காரரின் புண்ணாக இருந்தால் ஒரு வாரம் என்பது சின்னக் காலம் இல்லை என்றார். அதன் பிறகு நாங்கள் யாரும் மத்தியானச் சாப்பாட்டைச் சரியாகச் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை சமூக அறிவியல் வகுப்பில் இது பெரிய விவாதமாகிவிட்டது. "இயந்திரம் வந்ததால்தான் இந்த வினை. முன்பு போல் நோட்டில் பெயர் எழுதினால் பாட்டி வைத்தியம் பார்த்துக்கொண்டு போயிருப்பார்" என்றது ஒரு கட்சி. "இயந்திரம் இல்லாவிட்டால் பிழைக்காதவர் எத்தனை பேர்!" என்றது மறு கட்சி. இரண்டாம் கட்சியின் தலைவியாக எழுந்து நின்ற தோழியை எதிர்த்துப் பேச எங்களால் முடியவில்லை. காரணம் உண்டு. அவளுடைய அப்பா இரண்டு ஆண்டுகளுக்கு முன் இரவு நேரத்தில் நாற்கரச் சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தார். யாரோ ஒரு வழிப்போக்கர் 108 எண்ணை அழைத்தார். ஆம்புலன்ஸ் வந்தது. அரசு மருத்துவமனையில் அந்த நள்ளிரவிலேயே தலையை ஸ்கேன் எடுத்து, உள்ளே இரத்தம் கட்டியிருப்பதைக் கண்டு, விடிவதற்குள் அறுவை செய்தார்கள். இன்று அவர்தான் தினமும் அவளைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டுப் போகிறார். "எங்கள் வீட்டில் அன்றைக்கு இருந்தது 700 ரூபாய்" என்று அவள் சொன்னபோது வகுப்பே அமைதியாகிவிட்டது.

ஆகவே இயந்திரம் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல கேள்வி என்று எங்களுக்கு அப்போது புரிந்தது. அந்தத் தோழியின் அப்பாவைக் காப்பாற்றிய மருத்துவமனை, அந்தப் பாட்டியை ஏன் திருப்பி அனுப்பியது? இதுதான் கேள்வி. பாடநூலிலும் நூலகத்திலும் தேடியும், ஆசிரியர்களிடம் கேட்டும் சில செய்திகளைத் திரட்டினோம்.

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் ஜெர்மனியில் ராண்ட்ஜன் என்ற அறிஞர் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு 1901இல் அவருக்குக் கிடைத்தது. ஆனால் தம் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. உலகம் முழுவதும் பயன்பட வேண்டும் என்று விட்டுவிட்டார். அதனால்தான் எக்ஸ்ரே அத்தனை விரைவாக எங்கும் பரவியது. அதன் பின் 76 ஆண்டுகள் கழித்து, 1971ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள், லண்டனில் இருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், மூளையில் கட்டி இருக்குமோ என்று ஐயப்பட்ட ஒரு பெண்ணுக்கு உலகின் முதல் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். அந்த இயந்திரத்தை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டு 1979இல் நோபல் பரிசு பெற்றார். அந்த மருத்துவமனை, மக்களின் வரிப்பணத்தில் எல்லாருக்கும் மருத்துவம் என்று பிரிட்டனில் 1948ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் தொடங்கிய தேசிய சுகாதாரப் பணியைச் சேர்ந்தது. இயந்திரத்தை உருவாக்க அந்நாட்டுச் சுகாதாரத் துறையும் பொருளுதவி செய்தது. நம் தோழியின் அப்பாவின் தலையைப் பார்த்த கருவியின் பிறப்பிலேயே பொதுப்பணம் கலந்திருக்கிறது என்பது எங்களுக்கு வியப்பாக இருந்தது. புதிய கருவி என்றாலே பணக்காரர்களுக்கு உரியது என்று நினைப்பது தவறு.

ஆனால் மருத்துவத்தில் ஒரு விசித்திரம் உண்டு. வீட்டில் மிக்ஸி வந்ததும் அம்மி மூலைக்குப் போய்விட்டது. கிரைண்டர் வந்ததும் ஆட்டுக்கல் தோட்டத்துக்குப் போய்விட்டது. மருத்துவமனையில் அப்படி நடப்பதில்லை. எக்ஸ்ரே வந்த பிறகும் டாக்டரின் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் இருக்கிறது. சி.டி. வந்த பிறகும் எக்ஸ்ரே இருக்கிறது. எம்.ஆர்.ஐ. வந்த பிறகும் சி.டி. இருக்கிறது. பழையது போகாமலே புதியது வந்து சேர்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி அறை, தனி மின்சாரம், தனி ஆள். முன்பு கைவிட்ட நோயைக்கூட இன்று தீர்க்க முடிகிறது, அது மகிழ்ச்சி. ஆனால் அதற்கும் செலவுதானே? மற்ற தொழில்களில் இயந்திரம் வந்தால் செலவு குறைகிறது; மருத்துவத்தில் பெரும்பாலும் ஏறுகிறது. தனியார் மருத்துவமனை அந்தச் செலவை நோயாளியின் கணக்கில் சேர்த்துவிடும். அரசு மருத்துவமனை யார் கணக்கில் சேர்க்கும்? ஒரே உண்டியல்தான். அதிலிருந்து ஸ்கேன் இயந்திரம் வாங்கினால், அதே உண்டியலிலிருந்துதான் நர்ஸுக்குச் சம்பளமும், கட்டுத்துணியும், மாத்திரையும் வர வேண்டும்.

வாங்கினால் மட்டும் போதுமா? ஸ்கேன் அறை எப்போதும் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். உள்ளே எக்ஸ் கதிரைத் தரும் குழாய் தேய்ந்துவிடும்; அதை மாற்றப் பெருந்தொகை வேண்டும். இயக்கத் தெரிந்தவர் இரவும் பகலும் இருக்க வேண்டும். எடுத்த படத்தைப் படித்துச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டும். திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்ட எல்லாரும் வருவார்கள். குழாய் தேய்ந்த அன்று யார் வருவார்? யானையை வாங்குவது பெரிதல்ல, அதற்கு நாள்தோறும் தீனி போட வேண்டும் என்று எங்கள் ஆசிரியை சொன்னார். அதுவே சரி.

அதே சமயம், சிறிய கருவிகள் பெரிய காரியம் செய்வதையும் மறக்கக் கூடாது. போலியோ சொட்டு மருந்துக் குப்பியில் ஒரு சிறிய வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் அச்சிட்டிருப்பார்கள். மருந்து குளிர்ச்சியை விட்டு வெப்பத்தில் கிடந்தால் சதுரம் கருத்துக்கொண்டே வரும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்தைக் கொடுக்கலாம். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் எறிந்துவிட வேண்டும். இதற்கு மின்சாரம் வேண்டாம், போன் வேண்டாம், பெரிய படிப்பும் வேண்டாம். மலைக்கிராமத்தில் நிற்கும் ஊழியர் கண்ணால் பார்த்தே அறிந்துகொள்வார். ஊர் ஊராகச் சென்று சொட்டு மருந்து கொடுத்த லட்சக்கணக்கான ஊழியர்களின் உழைப்போடு இத்தகைய எளிய கருவிகளும் சேர்ந்ததால்தான், 2014ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது. இதுவும் விஞ்ஞானம்தான்.

நம் மாநிலத்திலேயே இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்துகளை மொத்தமாக, விளம்பரப் பெயரில் அல்லாமல் மருந்தின் மூலப்பெயரில் வாங்கி, ஆய்வுக்கூடத்தில் சோதித்த பிறகே மாவட்டக் கிடங்குகளிலிருந்து அனுப்புகிறார்கள். எந்தக் கிடங்கில் எது எவ்வளவு இருக்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்கு வைத்துக்கொள்கிறது. இந்த ஏற்பாட்டைப் பார்த்து வேறு மாநிலங்களும் பின்பற்றின. இங்கே கம்ப்யூட்டர் நோயாளியிடம் எந்த எண்ணையும் கேட்கவில்லை. நோயாளியின் கண்ணுக்கே தெரியாமல் பின்னால் இருந்து மாத்திரை தீராமல் பார்த்துக்கொள்கிறது. பாட்டிமார் நன்றி சொல்ல வேண்டிய கம்ப்யூட்டர் இதுவே என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

கம்ப்யூட்டரை நோயாளிக்கு முன்னால் வாசற்காவலனாக நிறுத்தும்போதுதான் சிக்கல் வருகிறது. கொரோனா காலம் நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். நாங்கள் அப்போது தொடக்கப் பள்ளியில் இருந்தோம். 2021ஆம் ஆண்டு மே 1 முதல் 18 முதல் 44 வயதுள்ளவர்கள் தடுப்பூசி போட வேண்டுமானால் இணையத்தில் முன்பதிவு செய்தாக வேண்டும் என்று விதித்தார்கள். விரல் வேகமும் நல்ல போனும் உள்ளவர்களுக்கு இடம் கிடைத்தது. மற்றவர்கள் அடுத்த வீட்டுப் பையனிடம் கெஞ்சினார்கள். அந்த மாதக் கடைசியில், மே 31ஆம் நாள், உச்ச நீதிமன்றமே இதைப் பற்றிக் கேள்வி எழுப்பியது. இணைய வசதி இல்லாத கிராமத்து மக்கள் என்ன செய்வார்கள் என்று அரசைக் கேட்டது. நேரில் வந்தவர்களையும் பதிந்து ஊசி போடலாம் என்ற ஏற்பாடு படிப்படியாக வந்தது. தவறு திருத்தப்பட்டது. ஆனால் அந்தப் பாடம் எல்லா இடத்திலும் நினைவில் இருக்கிறதா?

இன்னொன்றும் உண்டு. 2022ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் டெல்லியிலுள்ள எய்ம்ஸ் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களைக் கொடியவர்கள் சிலர் இணையத்தின் வழியே முடக்கிவிட்டார்கள். நாட்டின் தலைசிறந்த அரசு மருத்துவமனையிலேயே பல நாட்கள் எல்லாவற்றையும் கையால் எழுதித்தான் நடத்தினார்கள். கையால் எழுதத் தெரிந்தவர்கள் இருந்ததால் மருத்துவமனை நின்றுவிடவில்லை. இங்கிலாந்திலோ, எல்லா நோயாளிகளின் குறிப்பையும் ஒரே கம்ப்யூட்டர் ஏற்பாட்டில் கொண்டுவரப் போகிறோம் என்று 2002இல் தொடங்கிய பெருந்திட்டத்தை, பல நூறு கோடி பவுன் செலவான பிறகு 2011இல் கலைக்கப் போவதாக அறிவித்தார்கள். பணக்கார நாடும் பொதுப்பணத்தில் சறுக்கி விழுவதுண்டு.

இதற்கெல்லாம் பொருள், கம்ப்யூட்டரைத் தூக்கிக் கிணற்றில் போட வேண்டும் என்பதன்று. சீட்டு எழுதும் அக்காவின் பக்கத்தையும் நாங்கள் பார்த்தோம். காலையிலிருந்து நூற்றுக்கணக்கானோருக்கு இடுப்பு ஒடியப் பதிகிறார். முன்பெல்லாம் நோயாளிகள் பழைய சீட்டைத் தொலைத்துவிட்டு வந்து, "வெள்ளை மாத்திரை கொடுத்தாங்க, சின்னதா இருக்கும்" என்பார்களாம். எந்த வெள்ளை மாத்திரை? இப்போது 14 இலக்க எண் ஒன்று இருந்தால், போன முறை கொடுத்த மருந்தும் எடுத்த சோதனையும் டாக்டருக்குத் தெரிந்துவிடும். அது நோயாளிக்கு எவ்வளவோ நல்லது. பாட்டிக்கும் அந்த எண் இருந்தால் நல்லதுதான். ஆனால் எண் வரும் வரையில் புண் காத்திருக்காது.

திருக்குறளில் மருந்து என்ற அதிகாரத்தின் கடைசிக் குறளை நாங்கள் மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறோம். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து மருந்து கொடுப்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்பது அதன் கருத்து. ஒப்பித்தபோது, நான்காவது ஆளை எதற்கு வள்ளுவர் சேர்த்தார் என்று நாங்கள் யோசித்ததில்லை. அன்று பாட்டி நடந்து போனதைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. நோயாளி இருந்தார். டாக்டர் உள்ளே இருந்தார். மருந்து கிடங்கில் இருந்தது. இயந்திரமும் புதிதாக இருந்தது. நான்காவது ஆள் மட்டும் அங்கே இல்லை. அந்த இடத்தில் நின்றிருந்தவர்கள் நாங்கள். நாங்களும் வாய் திறக்கவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும் என்பார்கள். இங்கே பூசாரியும் கொடுக்கத் தயாராகவே இருந்தார். கேட்டுச் சொல்ல ஆளில்லாததால் வரம் வீணாயிற்று.

நான்காவது ஆளோடு சேர்ந்து இயந்திரம் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் நம்மிடமே சான்று இருக்கிறது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் தொடங்கியது. ஊரிலுள்ள மகளிர் ஒருவரே இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியையும் சர்க்கரை பார்க்கும் கருவியையும் பையில் எடுத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வருகிறார். சோதித்துப் பார்த்து, மாத்திரையையும் கொடுக்கிறார். அங்கேயும் கருவி உண்டு, போன் உண்டு, கணக்கும் உண்டு. ஆனால் போனைக் கையில் வைத்திருப்பவர் நோயாளி அல்லர், வந்த அக்காதான். எண்ணோடு மல்லுக்கட்டும் வேலை அவருடையது. பாட்டி கையை நீட்டினால் போதும். இந்தத் திட்டம் 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது பெற்றதில் வியப்பில்லை.

ஆதலால் எங்கள் கருத்து இதுதான். பொதுப்பணத்தில் வாங்கும் ஒவ்வொரு புதிய கருவியோடும், அதை ஏழைக்கும் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆளுக்கும் சேர்த்தே செலவைக் கணக்கிட வேண்டும். ஆளை விட்டுவிட்டுக் கருவியை மட்டும் வாங்கினால், வசதி உள்ளவருக்கு வரிசை குறையும். வசதி இல்லாதவருக்கு வாசல் அடைபடும். அது பொதுப்பணத்தின் நோக்கம் அன்று.

ஆளுக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லை என்று சிலர் சொல்லக்கூடும். கருவிக்கு மட்டும் பணம் எங்கிருந்து வந்தது என்று பணிவோடு கேட்கிறோம். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. சீட்டுப் பதியும் இடத்தில், "போன் இல்லாவிட்டாலும் சீட்டு உண்டு" என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை வைக்கலாம். படிக்கத் தெரியாதவருக்கு அதை வாயால் சொல்ல ஒரு நாற்காலியும், அதில் ஒருவரும் இருக்கலாம். மின்சாரம் நின்றாலும் கம்ப்யூட்டர் நின்றாலும் எழுத, ஒரு நோட்டும் பேனாவும் எப்போதும் அங்கே இருக்கலாம். ஸ்கேன் இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் இவை எம்மாத்திரம்!

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் காய்ச்சல் என்றால் தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்கள். அரசு மருத்துவமனை எப்படி இருந்தால் நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். நாம் வாங்கும் சோப்பிலும் பிஸ்கட்டிலும்கூட வரி இருக்கிறது. அந்தப் பாட்டி வாங்குவதிலும் இருக்கிறது. அது நம் எல்லாருடைய வீடு. நள்ளிரவில் சாலையில் விழுந்தால் நம்மையும் முதலில் ஏற்றிக்கொள்வது அந்த வீடுதான்.

தோழிகளுக்கும் ஒன்று சொல்கிறோம். நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் போனில் வரும் எண்ணைப் படித்துச் சொல்லும்போது, "இதுகூடத் தெரியாதா?" என்று நாம் எரிச்சல்படுகிறோம். ஒத்துக்கொள்ளுங்கள், நாங்களும் ஒத்துக்கொள்கிறோம். இனி அப்படிச் சொல்ல வேண்டாம். அந்த நேரத்தில் நாம்தான் நான்காவது ஆள்.

மூன்றாம் சனிக்கிழமை காலையில் நாங்கள் வழக்கத்தைவிட முன்னதாகவே போய், சீட்டு வரிசை முழுவதும் தேடினோம். பாட்டி வரவில்லை. வேறு நாளில் வந்து பார்த்துக்கொண்டு போயிருப்பார் என்று ஆசைப்படுகிறோம். ஊர்ப்பெயர்கூடக் கேட்டு வைக்காதது இன்றும் எங்களுக்கு உறுத்துகிறது.

அந்த உறுத்தலோடு சிஸ்டரிடம் போய் ஓர் அனுமதி கேட்டோம். அவர்கள் மருத்துவமனைப் பெரியவர்களிடம் பேசி ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். அதன்படி ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்களில் இருவர், சீட்டுப் பதியும் இடத்துக்கு அருகில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். கையில் ஒரு நோட்டு, ஒரு பேனா. "போன் இல்லையா பாட்டி? பரவாயில்லை, வாங்க" என்று சொல்வதுதான் முக்கியமான வேலை. முதல் நாளே பதினொரு பேர் வந்தார்கள்.

இப்போது எங்களுக்குப் பொதுத் தேர்வு நெருங்கிவிட்டது. இம்மலர் உங்கள் கைக்கு வரும்போது நாங்கள் தேர்வு அறையில் இருப்போம். ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளே, அந்தப் பெஞ்சு காலியாக இருக்கிறது. வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு இருவர் தேவை. சிஸ்டரிடம் பெயர் கொடுங்கள். காலில் துணி சுற்றிய பாட்டி ஒருவர், கையில் துண்டுக் காகிதத்தோடு வந்தால், முதலில் ஊர்ப்பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில், 'ஆ' பிரிவு மாணவி ஒருத்தி